விளிம்பில் பெயர் உள்ள மெடல்

உங்கள் ஏட்டையா கொண்டுவந்து வைத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை ஐயா. இருபத்திரண்டு வருஷமாக மருந்துக் கலவைக்கு அளவு சொல்லி வந்தவன் நான். எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று நாக்கு தானாகக் கண்டுபிடித்துவிடுகிறது. குடித்துவிட்டேன். பேனாவும் நன்றாகவே எழுதுகிறது. யாரும் அடிக்காமல், மிரட்டாமல், என் கைப்பட எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் லட்சுமிகாந்தம். வயது நாற்பத்து நான்கு. படிப்பு பி.எஸ்சி. வேதியியல். நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் போர்மேன். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நீங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று கேள்விப்பட்டதால் இதைச் சொல்கிறேன். சென்ற 2006 ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை பத்தே காலுக்கு அங்கே நான்காம் நம்பர் ரூம் வெடித்தது. வள்ளித்தாய், சோலையம்மாள், மாரிசாமி என்று மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். இடிபாட்டில் கருகிப்போன ஒரு ராணுவ மெடல் கிடைத்தது. அதில் குத்தியிருந்த ஊக்கு உரசித்தான் தீப்பிடித்தது என்று முடிவானது. எங்கள் வாட்ச்மேன் உக்கிரபாண்டி, 'மெடல் என்னுடையதுதான், என் கவனக்குறைவுதான்' என்று சொல்லி ஜெயிலில் இருக்கிறார். நாளை மறுநாள் கோர்ட்டிலும் அப்படியே சொல்லப் போகிறார். அதற்கு முன் சில விஷயங்களைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

முதலில் அவர் எப்படி எங்கள் ஆபீஸுக்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார்கில் சண்டை நடந்த வருஷம் எங்கள் முதலாளிக்குத் திடீரென்று தேசபக்தி பொங்கியது. அந்த சீசனில் ராக்கெட் டப்பா மேல் எல்லாம் துப்பாக்கி பிடித்த சிப்பாய் படம் போட்டார். லேபிளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தாயில்பட்டியில் சும்மா இருந்த ஒரு ரிட்டயர்டு சுபேதாரைக் கூட்டிவந்து கேட்டில் உட்கார வைத்தார். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் இருந்த மனிதர். அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு, அறுபத்தைந்திலும் எழுபத்தொன்றிலும் பாகிஸ்தானோடு, கடைசியாக இலங்கையில். பெண்பிள்ளைகளிடம் கொண்டை ஊசியை வாங்கி வைக்க இவ்வளவு யுத்தம் பார்த்திருக்க வேண்டுமா என்று முதலாளியிடமே கேட்டேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

கொண்டை ஊசி என்று எழுதியது கிண்டலுக்கு இல்லை. மருந்து புழங்கும் இடத்துக்குள் இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி வரும். உள்ளே பித்தளைக் கரண்டியும் மரத் தட்டும்தான். அதனால் கேட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் சேலையில் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஊக்குப் பெட்டி என்று அதற்குப் பெயர். அவர் வரும்வரை அது பேருக்குத்தான் இருந்தது. வந்த பிறகு தினமும் நிறைந்தது. "ஏத்தா, தோள்ல ஒண்ணு மின்னுதே, அதையும் கழத்திப் போடு" என்பார். அவளுகளும் சிரித்துக்கொண்டே போடுவார்கள். பதினைந்து வருஷம் நான் தொண்டை வற்றக் கத்தியும் போடாதவர்கள். பட்டாளத்தாரு, பட்டாளத்தாரு என்று அவரைச் சுற்றி ஒரே குழைவு.

ஒரு நாள் என்னையும் நிறுத்தினார்.

"சார், பெல்ட்டுல மாட்டியிருக்கிற வளையம் இரும்பு மாதிரி தெரியுது."

"நான் போர்மேன்" என்றேன்.

"அதனாலதான் சொல்லுதேன் சார். ஒங்களப் பாத்துத்தானே மத்தவுக செய்வாக."

நாற்பது பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் பெல்ட்டை உருவி அந்த டின்னில் போட்டேன். அன்று முழுக்க இடது கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ரூம் ரூமாக ரவுண்டு போனேன். மாரிசெல்வி என்ற பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஏழாம் நம்பர் ரூம். இன்றைக்கும் உயிரோடு நன்றாக இருக்கிறாள். இதிலிருந்தே நான் வன்மம் வைத்துச் செய்கிறவன் இல்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

இனி மெடல் விஷயம். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ஆபீஸ் வாசலில் கொடி ஏற்றுவோம். அவர் வருவதற்கு முன்னால் ஏற்றிக்கொண்டிருந்தது நான். ஒரு கயிற்றை இழுக்கிற வேலை, அதைப் பெரிதாக நினைத்தவன் இல்லை. அவர் வந்த வருஷத்திலிருந்து முதலாளி அவரை ஏற்றச் சொன்னார். அந்த இரண்டு நாளும் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், இடது பக்கம், ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்த எட்டு மெடலைக் குத்திக்கொண்டு வருவார். நடந்தால் கிணுங் கிணுங் என்று ஒரு சத்தம். பால்மாடு வருகிற சத்தம்தான் அது. பெண்கள் கிட்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அந்த எட்டும் என்னென்ன என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன் ஐயா. படித்தவன் விசாரிக்காமல் எதையும் மதிக்கக் கூடாது. ஒன்று, பட்டாளத்தில் ஒன்பது வருஷம் இருந்ததற்கு. இன்னொன்று, இருபது வருஷம் இருந்ததற்கு. இன்னொன்று, நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனபோது சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததற்கு. மற்றவை, அந்தந்த யுத்தம் நடந்தபோது அந்தந்த இடத்தில் நின்றதற்கு. வீரத்துக்கு என்று ஒன்றுகூடக் கிடையாது. எதிரி டாங்கியைக் கவிழ்த்தார், கோட்டையைப் பிடித்தார் என்றெல்லாம் நம் பெண்கள் பேசிக்கொண்டது வெறும் கதை. ஓடிப்போகாமல் இருந்தார், அதற்கு வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இருபத்திரண்டு வருஷம் மருந்து மேலேயே உட்கார்ந்திருக்கிற எனக்கு எத்தனை கொடுத்திருக்க வேண்டும்.

இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "ஆமா சார். அங்கன இருந்தேன், குடுத்தாக. கூட இருந்து திரும்பி வராத ஆளுகளுக்கு வீட்டுக்கு அனுப்பி வச்சாக" என்றார். பிறகு ஒரு மெடலைத் திருப்பி அதன் விளிம்பைக் காட்டினார். பட்டாள நம்பர், பதவி, பெயர் மூன்றும் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் அப்படி வெட்டித்தான் கொடுப்பார்களாம். நான் அதை விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாக ஆழமாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

நானும் எண்பத்தொன்றில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது விருதுநகரில் வரிசையில் நின்றவன்தான். எல்லாவற்றிலும் தேறி, மூச்சை இழுத்தால் மார்பு விரிய வேண்டிய அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. முதுகில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு அனுப்பினார்கள். அதே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நல்லதுக்குத்தான் நடந்தது என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். இந்த வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக எழுதினேன்.

வழக்குக்குச் சம்பந்தமானது, சிந்தின மருந்து. காகிதக் குழாயில் மருந்து செலுத்தும்போது கீழே விரிப்பில் கொஞ்சம் சிந்தும். அதைக் கூட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. தூசி, மணல், எது வேண்டுமானாலும் அதில் கலந்திருக்கலாம் அல்லவா. நான் அதை வீணாக்க விடமாட்டேன். மாலையில் கூட்டி மரத் தட்டில் வைத்து, மறுநாள் காலை முதல் வேலையாகச் சலித்து நல்ல மருந்தோடு சேர்க்கச் சொல்லிவிடுவேன். சல்லடையில் கொட்டி உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து இறக்குவார்கள். சீசனில் எல்லா ஆபீஸிலும் நடக்கிறதா என்று கேட்காதீர்கள்; எங்கள் ஆபீஸில் நடந்தது. முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே என் சீட்டு கிழிந்திருக்கும்.

பட்டாளத்தாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் பத்தாம் தேதி என் ரூமுக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னார்.

"சிந்துன மருந்த மறுபடி சலிக்கச் சொல்லாதீக சார். என்னைக்காவது ஒரு கல்லு கெடந்தாப் போதும். பதினஞ்சாந்தேதி பதினோரு மணிக்கு முதலாளி வாராக. நீங்களே சொல்லிட்டு நிறுத்திருங்க. இல்லைன்னா நான் சொல்ல வேண்டியதாப் போவும். ஒங்களுக்குத் தெரியாமப் போய்ச் சொன்னா நல்லாருக்காதுல்ல, அதான் முன்னாலயே சொல்லுதேன்."

ஐந்து நாள் அவகாசம். அவர் கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்ள வேண்டும். காட்டிக் கொடுக்கிறதையும் ஒரு மரியாதையோடு செய்கிறவர் என்று பேர் வாங்க வேண்டும் அவருக்கு. "யோசிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையாகவே யோசித்தேன்.

பதினைந்தாம் தேதி கொடி நாள், லீவு விட வேண்டும். ஆனால் அந்த வருஷம் தீபாவளி அக்டோபரிலேயே வந்துவிட்டது. வடக்கே போக வேண்டிய லோடு நிற்கிறது. கொடி ஏற்றிவிட்டு வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு அரை நாள் வேலை என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். எட்டு மணிக்கு அவர் கொடி ஏற்றினார். கயிற்றை இழுக்கிறபோது மெடல் பட்டையில் ஒன்றுக்கு நூல் அறுந்து தொங்கியது. எழுபத்தொன்றாம் வருஷத்து மெடல். மாரிசெல்வி ஓடிவந்து தன் சேலை ஊக்கைக் கழற்றி, ரிப்பனில் கோத்துப் பிடித்து நிறுத்தினாள். சுற்றி நின்றவளுகள் கைதட்டினார்கள்.

கொடி வணக்கம் முடிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா. உள்ளே போய் எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்க வேண்டும். அதனால் தன் நெஞ்சில் இருந்த பட்டையைக் கழற்றி, பெண்களின் கொண்டை ஊசிகளோடு சேர்த்து அந்த ஊக்குப் பெட்டியில் வைத்தார். நான்கு யுத்தத்து மெடலும் நாற்பது பொம்பளை ஊசியும் ஒரே டின்னில். தனக்கென்று தனிச் சட்டம் இல்லை என்று ஊருக்குக் காட்டுகிறாராம். பிறகு மிட்டாய்த் தட்டோடு ஒவ்வொரு ரூமாகப் போனார். நான்காம் நம்பர் ரூமுக்கும் போனார்.

கேட்டில் நான் மட்டும் இருந்தேன். டின்னுக்குப் பூட்டுக் கிடையாது. தொங்கிக்கொண்டிருந்த மெடலை அந்த ஊக்கோடு எடுத்தேன். மற்ற ஏழையும் அப்படியே விட்டு, மேலே ஊசிகளைப் பரப்பிவைத்தேன்.

எதற்கு எடுத்தேன் என்பதைச் சரியாக எழுத வேண்டும். மற்றவர்கள் இரும்பைத் தடவித் தடவித் தேடுகிற ஆள், தானே இரும்பை மருந்து ரூமில் போட்டுவிட்டார் என்று முதலாளி கண்ணால் பார்க்க வேண்டும். பதினோரு மணிக்கு அவரை நான்காம் நம்பருக்குக் கூட்டிப்போவேன், மெடல் கிடக்கும். விளிம்பில் பெயர் இருக்கிறது, வேறு சாட்சி வேண்டாம். அதன் பிறகு சிந்தின மருந்தைப் பற்றி அந்த வாட்ச்மேன் வாயைத் திறந்தால் யார் கேட்பார்கள். இதுதான் என் திட்டம். ஓர் ஒழுங்கு நடவடிக்கை, அவ்வளவுதான்.

கேட்டிலிருந்து ரூமுக்கு எப்படிக் கொண்டுபோனேன் என்று கேட்பீர்கள். பேன்ட் பையில் போட்டால் புடைக்கும். கையில் கொண்டுபோனால் தெரியும். அதனால் என் சட்டையில் இடது பக்கம் குத்திக்கொண்டு, மேலே போர்மேன் கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டேன். வசதிக்காகத்தான். என் ரூமில் ஒரு கண்ணாடி உண்டு. கோட்டுக்கு வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால், கோட்டைத் திறந்து ஒருமுறை பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டு நடந்தேன். நூற்றைம்பது எட்டு இருக்கும். அவசரப்படாமல் நடந்தேன். வழியில் எதிர்ப்பட்ட மாரிசாமி வணக்கம் வைத்தான். அவன் என்றைக்கும் வைக்கிறவன்தான்.

நான்காம் ரூமில் வள்ளித்தாயும் சோலையம்மாளும் மட்டும் இருந்தார்கள். இருவரும் குழாய்க் கட்டு எடுத்துவர வெளியே போன நேரம் பார்த்து மெடலைக் கழற்றினேன். விரிப்பின் ஓரத்தில் வைத்தேன் என்று எழுதலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். நீங்கள் நம்பியும் இருப்பீர்கள். ஆனால் கைப்பட எழுதும்போது அளவு தப்பக் கூடாது. விரிப்பில் வைக்கவில்லை. முந்தின நாள் சிந்தின மருந்தைக் கூட்டி வைத்திருந்த மரத் தட்டில், அடியில் வைத்தேன். மேலே நார் பிரஷால் மருந்தைத் தள்ளி மூடினேன். அலுமினியப் பவுடரும் சாம்பல் நிறம், மெடலும் சாம்பல் நிறம்.

இன்னொன்று. மெடல் செம்பும் நிக்கலும் கலந்தது. அதை நாள் முழுக்கச் சல்லடையில் உருட்டினாலும் ஒரு பொறி வராது. அதற்கு அந்த யோக்கியதைகூட இல்லை. ஊக்கு எஃகு. சட்டையிலிருந்து கழற்றியபோது அதன் வாய் திறந்திருந்தது. மூட மறந்தேனா என்று கேட்டால், இல்லை. பி.எஸ்சி. படித்தவனுக்கு அது மறக்காது.

வள்ளித்தாய் திரும்பி வந்தாள். "முதல்ல தட்டுல இருக்கிறதச் சலிச்சு எடுத்துரு" என்றேன்.

அவள் தயங்கினாள். "பட்டாளத்தாரு அதச் சலிக்க வேண்டாம்னு சொன்னாரே சார். தண்ணியில கொட்டிருன்னாரு."

அந்த ஒரு பேச்சு ஐயா. அதுவரைகூட ஏதாவது சாக்குச் சொல்லி மெடலைத் திரும்ப எடுத்திருப்பேனோ என்னவோ. முதலாளி இருக்கிறார், நான் இருக்கிறேன், அவளுக்கு வேதவாக்கு கேட்டில் ஊசி வாங்கி வைக்கிறவன் சொல்வது.

"இந்த ஆபீஸுக்குப் போர்மேன் அவரா, நானா?"

"இல்ல சார், நீங்க வையாதீக. சலிச்சிருதேன்" என்று சல்லடையை எடுத்தாள். சோலையம்மாள் தட்டை அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள். நான் வெளியே வந்து கேட்டைப் பார்க்க நடந்தேன். வழியில் மாரிசாமி மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நான்காம் நம்பருக்குப் போனான். அவனை நிறுத்த ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பான்.

கேட்டில் உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தார். மிட்டாய்த் தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. எனக்கென்று எடுத்து வைத்தாராம். வாயில் போட்டுக்கொண்டேன். "எழுபத்தொன்றில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டேன். யாரும் அப்படி அக்கறையாகக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"பள்ளம் தோண்டி அஞ்சு பேரு கெடந்தோம் சார். விடிய விடிய குண்டு. காலையில நான் எப்பவும் போல டீ போட்டு அஞ்சு டம்ளர வரிசையா வச்சேன். பெறகுதான் பாக்கேன், ரெண்டு போதும்..."

அப்போது வெடித்தது. அவர் கதையை முடிக்கவில்லை.

அறுபத்து நான்கு வயது ஆள் நான்காம் நம்பரைப் பார்த்து ஓடினார். நான் ஓடவில்லை, ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூமும் வெடிக்கும், யாரும் கிட்டே போகக் கூடாது என்பது விதி. அவர் சோலையம்மாளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய இரண்டு கையும் வெந்து தோல் உரிந்திருந்தது. அவள் ஆஸ்பத்திரி போகிற வழியில் இறந்தாள். மற்ற இரண்டு பேரைத் தூக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மெடலைத் துடைத்து விளிம்பைப் படித்தது நீங்கள்தான். என்னை இரண்டு நாள் விசாரித்து விட்டுவிட்டீர்கள். உக்கிரபாண்டியிடம் காட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். கட்டுப் போட்ட கையில் அதை வாங்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "டின்னுலதான் வச்சேன்னு நெனப்பு. நூலு அறுந்தது, பட்டையக் கழத்தையில சட்டையிலயே தங்கி, மிட்டாய் குடுக்கையில எங்கயும் விழுந்திருக்கலாம். விழலைன்னு என்னால சத்தியம் பண்ண முடியலை சார். அப்பம் என் தப்புத்தான்" என்றார். அவர் மறுப்பார், கத்துவார், என்னைக் கைகாட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

இப்படியே முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். போன வாரம் வாய்தாவுக்குச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோர்ட் வராந்தாவில் அவரைப் போலீஸ் உட்கார வைத்திருந்தது. வள்ளித்தாயின் புருஷன் செல்லப்பாண்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுப் பிட்டு அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தான். கை இன்னும் மடங்கவில்லையாம். பெண்டாட்டியைக் கொன்றவனுக்கு ஊட்டுகிறாயே என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நம்ம பக்கத்துல எம்புட்டு ஆபீஸ் வெடிச்சிருக்கு சார். எவனாவது ஒருத்தன் ஆமா, நாந்தான் காரணம்னு சொல்லியிருக்கானா? இந்த மனுசன் சொன்னாரு. எம்பொண்டாட்டி கணக்குல சேராத உசுரு இல்லைன்னு அவரு ஒருத்தராவது நெனச்சாருல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மாஜி ராணுவத்தார் சங்கத்திலிருந்து நான்கு கிழவர்கள் வந்து அவர் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். மறுநாள் பேப்பரில் நான்கு பத்திக்குச் செய்தி. போட்டோவில் எட்டு மெடலும் இருந்தது. பழைய போட்டோ. 'குற்றத்தைத் தாமாக ஏற்ற முன்னாள் சுபேதார்' என்று தலைப்பு. கடைசி வரியில், 'போர்மேன் ஒருவரும் சாட்சியம் அளித்தார்' என்று இருந்தது. ஒருவர். இருபத்திரண்டு வருஷம் மருந்தோடு கிடந்தவன், இந்த வழக்கில் ஆரம்பம் முதல் எல்லாவற்றையும் செய்தவன், ஒருவர்.

நான் செய்ததை எடுத்து அந்த ஆள் தன் நெஞ்சில் குத்திக்கொண்டார் ஐயா. ஒன்பதாவதாக. அந்த இடத்தில் இருந்ததற்கே இதுவும் கிடைத்துவிட்டது அவருக்கு. வயிறு எரிந்தது என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறது. செய்யாத ஒரு காரியத்துக்கு ஒருவர் பெயர் வாங்கிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உண்மைக்காக வந்திருக்கிறேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். மெடலை எடுத்தது நான். ஊக்கைத் திறந்தபடி மருந்துக்கு அடியில் வைத்தது நான். சலிக்கச் சொன்னதும் நான். சலித்தால் என்ன ஆகும் என்று அந்த ஆபீஸில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. வள்ளித்தாய், சோலையம்மாள், மாரிசாமி மூன்று பேரையும் கொன்றது நான். உக்கிரபாண்டிக்கு இதில் எள்ளளவும் பங்கு கிடையாது. அவரை நாளைக்கே வெளியே விட்டுவிடலாம். கேட்டில் உட்கார்ந்து ஊசி வாங்கி வைக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மெடல் உங்கள் அலமாரியில் ஒரு காக்கி உறைக்குள் இருக்கிறது. நூல் கோத்து அதில் ஒரு சீட்டு கட்டி, 'உக்கிரபாண்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். விளிம்பில் வெட்டியதை இனி ஒன்றும் செய்ய முடியாது, அது போகட்டும். சீட்டு காகிதம்தானே. அவர் பெயரை அடித்துவிட்டு லட்சுமிகாந்தம், போர்மேன் என்று எழுதிக் கட்டச் சொல்லுங்கள். பி.எஸ்சி.யை விட்டுவிட வேண்டாம்.